பன்றிக்குக் கட்டிய கம்பி

ஜூன் 2

உரக்கடையில் வருடப் பிறப்புக்குக் கொடுத்த டைரி இத்தனை மாதமாக டிவிக்குப் பக்கத்தில் தூசி படிந்து கிடந்தது. எந்தக் கொடிக்கு எப்போது மருந்தடித்தோம் என்பது மறந்துபோகிறது, எழுதி வை என்று இவர் சொன்னார். எங்கள் இரண்டு பேரில் பிளஸ் டூ வரை படித்தவள் நான்தான். மகள் மேகலா பி.எஸ்ஸி. முடித்திருக்கிறாள், ஆனால் அவளுக்கு இதற்கெல்லாம் பொறுமை கிடையாது.

கீழ்ப் பத்திக் கொடிகளுக்குக் கந்தகம் தெளித்தாயிற்று. சாரல் விழுந்துகொண்டே இருந்தால் இலையில் சாம்பல் பூத்துவிடும். பன்னீர்த் திராட்சை குழந்தை மாதிரி, ஒரு நாள் பார்க்காவிட்டால் காய்ச்சல் வந்துவிடும்.

மிக்ஸி மறுபடியும் ஓடவில்லை.

ஜூன் 6

சின்னமனூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை கூட்டுறவு வங்கியில் வேலை. தலையைக் குனிந்தபடியே கேசரி சாப்பிட்டார். அவருடைய அம்மா மேகலாவின் முடியைத் தொட்டுப் பார்த்து, சவுரி இல்லையே என்று சிரித்தாள். எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் நல்ல இடம். ஆடிக்கு முன்னால் நிச்சயம், ஆவணியில் கல்யாணம் என்று பேச்சு.

அவர்கள் போனதும் மேகலா தலையிலிருந்த பூவை எடுத்துச் சாமி படத்துக்குப் போட்டாள். அதுவும் ஒரு சம்மதம்தான்.

ஜூன் 10

மிக்ஸியை ரிப்பேர் பார்க்கத் தூக்கிக்கொண்டு கம்பம் டவுனுக்குப் போனேன். திரும்பும்போது பஸ்ஸில் நிற்க இடமில்லை. ஒரு பையன் எழுந்து, "அத்தை, இங்க உக்காருங்க" என்றான். உட்கார்ந்த பிறகுதான் முகத்தைப் பார்த்தேன். நவநீதன். சிவனாண்டியின் மகன்.

பதினோரு வருடமாக அந்த வீட்டுக்காரர்கள் யாரும் என்னிடம் பேசியதில்லை. நானும் பேசியதில்லை. இவன் மிக்ஸியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, சொட்டுநீர்க் குழாய் போடும் கம்பெனியில் வேலை பார்ப்பதாகச் சொன்னான். என் சர்க்கரை எப்படி இருக்கிறது என்று கேட்டான். எனக்குச் சர்க்கரை இருப்பது இவனுக்கு எப்படித் தெரியும் என்று அப்போது யோசிக்கவில்லை. சிரிக்கும்போது அச்சு அசல் என் மாமனார்தான்.

இந்த டைரியை மேகலா என்றைக்காவது படிக்கக்கூடும். அதனால் எழுதி வைக்கிறேன். சிவனாண்டியின் பெண்சாதி பாக்கியம் இவருடைய கூடப்பிறந்த தங்கச்சி. மாமனார் தோட்டத்தைப் பங்கு வைத்தபோது மகளுக்குக் கீழ்த்தோட்டத்தைக் கொடுத்தார். கிணறு இரண்டு பேருக்கும் பொது. மழை பொய்த்த வருடத்தில் சிவனாண்டி கிணற்றையொட்டிப் போர்வெல் போட்டார். எங்கள் கிணறு வற்றிப்போனது. காய்க்கிற கொடி அத்தனையும் கருகி நின்றது. கேட்கப் போன இடத்தில் மண்வெட்டிக் காம்பால் இவர் கையை உடைத்தார் சிவனாண்டி. அந்தக் கை இன்றைக்கும் முழுதாக நீளாது. அதே மாதம் மாமனார் கண்ணை மூடினார். பாக்கியத்தை வாசலோடு நிறுத்தி, அப்பா முகத்தைப் பார்க்கவிடாமல் திருப்பி அனுப்பினார் இவர்.

கை உடைந்த அன்று விலக்கிவிடப் போன என்னையும் சிவனாண்டி தள்ளிவிட்டார். நான் அப்போது ஐந்து மாதம். தள்ளவில்லை, நீயாகத்தான் வரப்பில் வழுக்கினாய் என்று இவர் ஒரு தடவை சொன்னார். அதற்குப் பிறகு அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. பையன் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

அதைப் பற்றி இதற்கு மேல் எழுதப்போவதில்லை.

ஜூன் 14

கொத்து வெட்டும் ஆட்களுக்கு டீ கொண்டுபோனேன். கீழ் எல்லையில் வாய்க்காலை ஒட்டிய பந்தலுக்கு அடியில் மேகலா நின்றுகொண்டிருந்தாள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நவநீதன். நடுவே தண்ணீர்கூட இல்லை, வெறும் சகதி. இரண்டு பேரும் பேசவில்லை. அவன் கையை நீட்டி ஒரு கொய்யாப்பழத்தைக் கொடுத்தான், இவள் கடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். அவ்வளவுதான்.

டீ தூக்கை வைத்துவிட்டு வந்துவிட்டேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை.

ஜூன் 15

இவரிடம் சொல்லிவிட்டேன். மறைத்து வைத்து நாளைக்கு ஊர் சிரித்தால் யார் பதில் சொல்வது. பெற்றவளுக்கு அது கடமை.

கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை. மடங்கின கையைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். "முறைதான" என்றார் கடைசியில். "அத்தை மகன். வேற எந்த வீடா இருந்தாலும் நானே கொண்டுபோய்க் குடுத்திருப்பேன்." அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. சின்னமனூர்க்காரர்களுக்கு வாக்குக் கொடுத்ததை ஞாபகப்படுத்தினேன். விழுந்துபோன பிள்ளையையும் ஞாபகப்படுத்தினேன்.

சாயங்காலம் மேகலாவின் போனை வாங்கிப் பூட்டி வைத்தார். அவள் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. யார் சொன்னது என்றும் கேட்கவில்லை.

ஜூன் 17

சங்கதி அந்த வீட்டுக்கும் எட்டிவிட்டது. டீக்கடையில் நாலு பேருக்கு முன்னால், மகளை விட்டு என் நிலத்தைப் பிடிக்கப் பார்க்கிறான் என்று சிவனாண்டி பேசினாராம். மகனுடைய பைக் சாவியைப் பிடுங்கிக்கொண்டார். இரண்டு தோட்டத்துக்கும் பொதுவான வண்டிப்பாதையில் முள்ளை வெட்டிப்போட்டு, கேட்டுக்கும் பூட்டுப் போட்டுவிட்டார். திராட்சைப் பெட்டி ஏற்ற வருகிற வண்டி இனிமேல் ஊரைச் சுற்றித்தான் வரவேண்டும்.

இவர் வீட்டுக்கு வந்து சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்தார். மேகலா அதை எடுத்துக் கழுவி வைத்தாள்.

ஜூன் 19

மலையோரத்துத் தோட்டங்களில் காட்டுப்பன்றிக்குக் கம்பி கட்டியிருக்கிறார்கள், கரண்ட் விட்டதிலிருந்து ஒரு குலைகூடச் சேதமில்லையாம். பேச்சுவாக்கில் இவரிடம் சொன்னேன்.

நம்ம தோட்டத்துக்குப் பன்றி வந்து மூன்று வருடம் ஆகிறதே என்றார்.

வராது என்று என்ன நிச்சயம் என்றேன்.

ஜூன் 22

கம்பி கட்டியாயிற்று. கீழ் எல்லை முழுக்க வாய்க்கால் ஓரமாக முழங்கால் உயரத்துக்கு ஒன்று, இடுப்பு உயரத்துக்கு ஒன்று. புல் மறைத்துக்கொள்வதால் தூரத்திலிருந்து தெரியாது. வயர்மேன் இல்லை, இவருக்குத் தெரிந்த ஒரு ஆள் வந்து மோட்டார் லைனிலிருந்தே இழுத்துக் கொடுத்தான். உயிர் போகிற கரண்ட் இல்லை, ஒரு உதறு உதறும் அவ்வளவுதான் என்று இரண்டு தடவை சொன்னான். கேட்டுக்கொண்டேன்.

மோட்டார் ரூம் வீட்டுக்குப் பின்னாலேயே இருப்பதால் சுவிட்ச் என் பொறுப்பு.

மேகலா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பன்றிக்கா என்று கேட்டாள். பன்றிக்குத்தான் என்றேன்.

ஜூன் 25

காலையில் சிவனாண்டி வீட்டு நாய் வாய்க்கால் ஓரத்தில் செத்துக் கிடந்தது. கம்பிக்குக் கீழே. நல்ல நாய், பதினோரு வருடச் சண்டை அதற்குத் தெரியாது, எங்கள் வீட்டிலும் வந்து சோறு தின்னும். முன்னங்காலில் கருகினாற்போல ஒரு கோடு. பாம்பு கடித்திருக்கும். இந்தச் சாரலுக்குப் பாம்பு நிறைய.

யாரும் பார்ப்பதற்குள் இவரே குழி தோண்டிப் புதைத்தார். திரும்பி வந்து கையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவினார். இனிமேல் ஆள் நடமாட்டம் அடங்கி எட்டு மணிக்கு மேல்தான் சுவிட்சைப் போட வேண்டும், விடியுமுன் அணைத்துவிட வேண்டும் என்றார். "மனுசன் கைய வச்சான்னா என்ன ஆகும்னு தெரியும்ல" என்றார்.

கழற்றிவிடலாமா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

ஜூன் 30

இரண்டாம் பத்தி வெட்டு முடிந்தது. விலை போகவில்லை. மிக்ஸி நன்றாக ஓடுகிறது.

ஜூலை 3

ஆனி கடைசியில் நிச்சயம் வைக்க நாள் பார்த்தாயிற்று. மேகலாவுக்கு மாம்பழ மஞ்சளில் பட்டு எடுத்தோம். கடைக்காரன் விரித்துக் காட்டிய எல்லாப் புடவைக்கும் அவள் தலையை ஆட்டினாள். எது பிடித்திருக்கிறது என்றால் எல்லாமே என்றாள். முன்பெல்லாம் ஒரு சுடிதார் எடுக்க நாலு கடை ஏறி இறங்குவாள். அதில் பாதிக் கடைக்காரனோடு சண்டையும் போட்டுவிட்டு வருவாள்.

ஜூலை 6

சாப்பாடு சரியாக இறங்குவதில்லை அவளுக்கு. தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டேன். சின்னப் பிள்ளையில் செய்கிற மாதிரி என் முழங்காலில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். இது ரொம்ப நாளாக இல்லாத பழக்கம். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

அப்போதுதான் சொன்னாள். மூன்று வருடப் பழக்கமாம். காலேஜ் பஸ்ஸில் ஆரம்பித்ததாம். பாக்கியத்துக்கு முதலிலிருந்தே தெரியுமாம், முழுச் சம்மதமாம். என் மருந்து, என் சர்க்கரை, நான் எந்தக் கிழமை கோவிலுக்குப் போவேன் என்பது வரை இவள்தான் அங்கே சொல்லியிருக்கிறாள். "அத்த உன்னயப் பத்தி எப்பவும் கேக்கும்மா" என்றாள். "மதினி பிள்ளையப் பறிகொடுத்த அன்னைக்கு ஓடியாந்து பாக்க முடியலயேன்னு இன்னும் அழுகும்."

எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

என் பிள்ளைக்காக அவள் அழுகிறாளாம். அவள் பிள்ளை வளர்ந்து ஆளாகி, பஸ்ஸில் எனக்கு இடம் கொடுக்கிறான். என் பிள்ளை இருந்திருந்தால் அவனுக்கு இப்போது பத்து முடிந்து பதினொன்று நடக்கும்.

மேகலாவுக்குச் சடை பின்னி முடித்தேன். தலையில் இரண்டு இடத்தில் பொடுகு.

ஜூலை 8

மேகலா அடுப்படிக்கு வந்து நின்றாள். சிநேகிதி போனிலிருந்து நவநீதனோடு பேசினாளாம். நாளைக்குச் சாயங்காலம் அவன் வருகிறான், அப்பா மண்டிக்குப் போய்விட்டுத் திரும்புகிற நேரத்துக்கு வந்து நேருக்கு நேர் பேசப் போகிறான் என்றாள். ஓடிப்போவதில் இரண்டு பேருக்கும் விருப்பம் இல்லையாம். அடித்தாலும் வாங்கிக்கொள்கிறேன், காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன், தாய்மாமன்தானே என்கிறானாம். ரோட்டு வழியாக வந்தால் சிவனாண்டிக்குத் தெரிந்துவிடும். அதனால் இருட்டுவதற்குள் வாய்க்காலைத் தாண்டி வருவானாம்.

"நீ மட்டும் எங்க பக்கம் நில்லும்மா. அப்பா உன் பேச்சக் கேப்பாரு" என்றாள்.

பிள்ளை அழும்போது வேறு என்ன சொல்வது. சரி வரச் சொல்லு, பேசிப் பார்ப்போம் என்றேன்.

என்னைக் கட்டிக்கொண்டாள். போகிற போக்கில் திரும்பி நின்று, "கம்பியில கரண்ட்டு எப்பம்மா போடுவீங்க" என்று கேட்டாள்.

"எட்டு மணிக்கு மேலதான்" என்றேன். அதுதானே இவர் வைத்த கட்டுப்பாடு.

ஜூலை 9

காலையிலிருந்து சாரல் இல்லை, நல்ல வெயில். துவைத்த துணியெல்லாம் காய்ந்துவிட்டது. இவர் மத்தியானம் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு மண்டிக்குப் போனார். மேகலா வீடு முழுக்கக் கூட்டித் துடைத்தாள், சோபா உறையை மாற்றினாள். யார் வருகிறார்கள் என்று பால்காரன் கேட்டான். ஒருவரும் இல்லை என்றேன்.

சிவனாண்டி கையால் இந்த வீட்டில் சம்பந்தி மரியாதை வாங்க வேண்டுமாம் நான். அவருக்கு நான் இலை போட வேண்டுமாம்.

வெளிச்சம் இன்னும் இருக்கிறது. மோட்டார் ரூம் வரைக்கும் போய்விட்டு வந்தேன். மேல்பக்கம் பன்றி உறுமுகிற மாதிரி சத்தம் கேட்டது. ஒரு உதறு உதறும், அவ்வளவுதான். அதற்கப்புறம் எவனும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டான்.

மேகலா கண்ணாடி முன்னால் நின்று தலை வாரிக்கொண்டிருக்கிறாள். பூ வைத்துக்கொள்கிறாயா என்று கேட்டேன். கட்டின பூ ஃப்ரிட்ஜில் இருக்கிறது.

ஜூலை 12

மூன்று நாளாக எழுத முடியவில்லை. இப்போதும் எழுத வேண்டுமா என்று தெரியவில்லை. ஆனால் வீட்டில் பேச ஆள் இல்லை.

சத்தம் ஒன்றும் வரவில்லை. அதைத்தான் என்னால் நம்ப முடியவில்லை. கத்துவான், உதறிக்கொண்டு ஓடுவான் என்றிருந்தேன். மேகலாதான் பின்வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று ஓடினாள். பந்தலுக்கு அடியில் குனிந்து குனிந்து ஓடுகிறாள். அவள் போய்த் தொட்டிருந்தால் அவளும் போயிருப்பாள். நான் மோட்டார் ரூமுக்கு ஓடி சுவிட்சை அணைத்தேன். நான் அணைத்ததால்தான் என் பிள்ளை இன்றைக்கு உயிரோடு இருக்கிறாள். இதை யாரும் சொல்வதில்லை, நானே எழுதி வைக்கிறேன்.

நான் கீழே போகும்போது அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு சகதியில் உட்கார்ந்திருந்தாள். வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். மடிப்புக் கலையாமல் தேய்த்த சட்டை.

அவள் அழவில்லை. என்னை அண்ணாந்து பார்த்து, "கரண்ட்டு இல்லன்னு நான்தாம்மா சொன்னேன்" என்றாள்.

இவர் மண்டியிலிருந்து வரும்போது ஊரே எல்லையில் நின்றது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ப் பார்த்தார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். போலீஸ் வந்ததும், மத்தியானம் மண்டிக்குக் கிளம்பும்போதே பன்றிக்காகத் தானே சுவிட்சைப் போட்டுவிட்டுப் போனதாக அவராகவே சொன்னார். மத்தியானம் முழுக்க அந்தக் கம்பிக்குப் பக்கத்தில் ஆட்கள் களை வெட்டிக்கொண்டிருந்தார்கள். அதை யாரும் கேட்கவில்லை. ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து உடம்பு வந்தது. சாயங்காலம் ஆகியும் எடுக்கவில்லை. அண்ணன் வீட்டுக் கோடித் துணி வராமல் என் பிள்ளையை எடுக்கவிட மாட்டேன் என்று பாக்கியம் சொல்லிவிட்டாளாம். சிவனாண்டி குதித்தாராம், சொந்தக்காரர்கள் எவ்வளவோ சொன்னார்களாம், அவள் கேட்கவில்லை. தாய்மாமன் போலீஸ் ஸ்டேஷனில் இருக்கிறார். அவர் வீட்டிலிருந்து நான்தான் போக வேண்டும்.

போனேன். புதுத் துணியைத் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு அந்த வாசலில் பதினோரு வருடத்துக்குப் பிறகு கால் வைத்தேன். கூட்டம் வழிவிட்டது. ஒருவரும் திட்டவில்லை, திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சிவனாண்டி சுவரைப் பார்த்து நின்றார். அவன் தலைமாட்டில் மேகலா உட்கார்ந்திருந்தாள், உடம்பை எடுத்துக்கொண்டு போன வண்டியிலேயே அவளும் போனவள்தான். வலது உள்ளங்கையில் கட்டுப் போட்டிருந்தது. நான் அணைப்பதற்கு முன்பே தொட்டிருக்கிறாள்.

பாக்கியம் எழுந்து வந்து தட்டை வாங்கிக்கொண்டாள். மெதுவாகத்தான் பேசினாள், பக்கத்தில் நின்றவர்களுக்குக்கூடக் கேட்டிருக்காது.

"எங்கப்பன் மூஞ்சிய நான் பாக்கக் கூடாதுன்னு வாசல்ல நிறுத்துனீக. நான் அப்பிடிச் செய்ய மாட்டேன் மதினி. வாங்க. வந்து எம்பிள்ளைய நல்லாப் பாத்துக்கங்க."

என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் அவன் முகத்துக்கு நேரே நிறுத்தினாள். பார்த்தேன். அவள் போதும் என்று சொல்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். மேகலா தலையைத் தூக்கவில்லை.

ஜூலை 14

கொடியில் பழம் அழுகுகிறது. வெட்ட ஆள் வர மாட்டேன் என்கிறார்கள்.

ஜூலை 15

சின்னமனூர்க்காரர்கள் போன் பண்ணினார்கள். நிச்சயத்தை நிறுத்திக்கொள்வதாகச் சொன்னார்கள். அவர்கள் சொல்கிற வரைக்கும் அப்படி ஒன்று இருந்ததே எனக்கு ஞாபகம் இல்லை.

ஜூலை 24

ஜெயிலில் போய் இவரைப் பார்த்தேன். தாடி நரைத்துப்போயிருக்கிறது. கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்று தோட்டத்தைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார், கவாத்து வெட்ட யாரைப் பிடித்தாய், தண்ணீர் எப்படி இருக்கிறது என்று. ஜாமீனுக்கு வக்கீல் பார்த்திருப்பதாகச் சொன்னேன், இப்போது வேண்டாம் என்றார். வெளியே வந்து எந்த முகத்தோடு தங்கச்சி வீட்டைத் தாண்டிப் போவது என்றார்.

நேரம் முடிந்துவிட்டது என்று கூப்பிட்ட பிறகு, மற்றவர்கள் நகர்ந்ததும், வலைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்தார்.

"எட்டு மணிக்கு மேலன்னு சொல்லியிருந்தேன்ல."

"பன்னி சத்தம் கேட்டுச்சு" என்றேன்.

"சரி" என்றார். "யார் கேட்டாலும் அதையும் சொல்லாத. நீ மோட்டார் ரூம் பக்கமே போகல." பிறகு, "கம்பியக் கட்டுனவன் நான். நாய் செத்த அன்னைக்கே பிடுங்கிப் போட்டிருக்கணும். போடலைல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். மடங்கின கையை இன்னொரு கையால் பிடித்தபடியே போனார்.

பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் கிடைத்தது.

ஆகஸ்ட் 2

ஊரில் இதே பேச்சுத்தான். கிணற்றடியில் போர் போட்ட அன்றைக்கே இந்தச் சாவு ஆரம்பித்துவிட்டது என்று ஒரு கூட்டம். தங்கச்சியை வாசலில் நிறுத்தின பாவம் என்று இன்னொரு கூட்டம். பாதையைச் சிவனாண்டி அடைக்காமல் இருந்திருந்தால் பையன் ஏன் வாய்க்கால் பக்கம் போகப் போகிறான் என்று நான்கூட மளிகைக் கடையில் சொன்னேன். கடைக்காரர் ஆமாம் என்றார். கம்பி இழுத்துக் கொடுத்த ஆள் கேரளாவுக்குப் போய்விட்டானாம். அவன்தானே உயிருக்கு ஒன்றும் ஆகாது என்றான்.

படித்த பையன். கண் தெரியாதா. புல்லுக்குள் கம்பி இருக்கிறது என்று அவனுக்கும்தானே தெரியும்.

சிவனாண்டி இரண்டு நாளாகச் சாப்பிடாமல் போர் குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்று சொன்னார்கள். நேற்று ஆளைக் கூப்பிட்டுக் கல்லும் மண்ணும் போட்டு அதை மூடச் சொல்லிவிட்டாராம். இனி அந்தத் தோட்டத்துக்குத் தண்ணீர் இல்லை.

ஆகஸ்ட் 9

மேகலா அங்கேயேதான் இருக்கிறாள். பாக்கியத்துக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கிறாளாம், சமைக்கிறாளாம். சிவனாண்டி அவளிடம் பேசுவதில்லையாம், ஆனால் அவள் போடுகிற சோற்றைச் சாப்பிடுகிறாராம். ஆள் விட்டுக் கூப்பிட்டேன். வரவில்லை.

ஆகஸ்ட் 21

மேகலா வந்தாள்.

நான் வாசல் தெளித்துக்கொண்டிருந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு, விருந்தாளி மாதிரி ஒரு நிமிடம் நின்று, பிறகு உள்ளே போனாள். சர்டிபிகேட்டையும் நாலு செட் துணியையும் பையில் வைத்தாள். மஞ்சள் பட்டைத் தொடவில்லை. கோயம்புத்தூரில் ஒரு ஹாஸ்டலில் வார்டன் வேலை கிடைத்திருக்கிறது, பாக்கியத்துக்குத் தெரிந்தவர்கள் மூலமாக. நாளைக் காலையில் கிளம்புகிறாளாம்.

காபி போட்டுக் கொடுத்தேன். இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக்கொண்டாள். வலது கை விரல்கள் சரியாக மடங்கவில்லை.

போலீஸில் என்ன சொன்னாய் என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

அப்பா சொன்னதையேதான் சொன்னேன் என்றாள். வேறு ஒன்றும் தெரியாது என்று கையெழுத்துப் போட்டுவிட்டாளாம். அத்தை கேட்டபோதும் அதையேதான் சொன்னாளாம்.

எனக்கு மூச்சு வந்தது. அதை அவள் பார்த்தாள்.

டம்ளருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். தினமும் படுத்தால் யோசிக்கிறேன் என்றாள். மாமா பாதையை அடைத்தார், அப்பா கம்பி கட்டினார், அவர்கள் எல்லாம் செய்தது தெரிந்ததுதான், அவர்கள் அப்படித்தான் செய்வார்கள் என்று அவனுக்கும் தெரியும் என்றாள். கம்பியைத் தாண்டலாமா என்று அவன் கேட்டானாம், இவள் சொன்ன பிறகுதான் கிளம்பினானாம்.

"உன்கிட்டச் சொன்னது நான்தானம்மா" என்றாள். "நீ சொன்னத அவன்கிட்ட சொன்னதும் நான்தான். என் மேலதான் தப்பு."

குரலில் கோபம் இல்லை. குத்திக் காட்டுகிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன், அதுவும் இல்லை. உண்மையாகவே அப்படித்தான் நம்புகிறாள். சொல்லிவிட்டு, நான் ஏதாவது சொல்வேன் என்று சின்னப் பிள்ளை மாதிரி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உன் மேல் ஒரு தப்பும் இல்லை என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. அதைச் சொன்னால் அதற்கு அடுத்து என்ன சொல்ல வேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரியும். காபி ஆறுது, குடி என்றேன்.

குடித்து முடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாள்.